செல்லாக்காசு சொல்லும் சேதி

ஹாஸ்டலிலும் கேன்டீனிலும் நாம் ஒருவரை ஒருவர் கேலி செய்யும்போது, "போடா, செல்லாக்காசு!" என்று சொல்வதுண்டு. அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று நான் யோசித்ததே இல்லை. போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் யோசிக்க வேண்டி வந்தது.

என் அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். விடியும் முன்பே போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி கேரளா பக்கம் போய், பொழுது சாயத் திரும்புவார். அன்று சம்பள நாள். வரும் வழியில் ஒரு மளிகைக் கடையில் சாமான் வாங்கிவிட்டு, சுருக்குப்பையிலிருந்து சில்லறையை எண்ணிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் அதில் ஒரு ஐந்து ரூபாயை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நாலு பேர் நிற்கும்போது, "ஏம்மா, மகன் காலேஜ் படிக்கிறான்னு சொல்ற, செல்லாக்காச இங்க வந்து தள்ளுறியே!" என்று கேட்டுவிட்டார்.

அம்மா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. காசை என் முன்னால் வைத்து, "தம்பி, நான் யாரையும் ஏமாத்தலடா. எனக்கு யாரோ குடுத்தாங்க. கையில தடவிப் பாத்தேன், அஞ்சு ரூவா மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

நான் காசைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் நிறம். நடுவில் 5 என்ற எண். அதன் கூடவே தமிழ் எழுத்து! மறுபக்கம் திருப்பினால் "இலங்கை" என்று தமிழில் தெளிவாக இருந்தது. வருஷம் 2013.

வேடிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் நாம் அன்றாடம் புழங்கும் வழக்கமான இந்தியக் காசில் இந்தியும் ஆங்கிலமும்தான் உண்டு. தமிழ் கிடையாது. அப்படியானால், தமிழ் எழுதியிருந்ததைப் பார்த்ததுமே அது நம்ம ஊர்க் காசாக இருக்காதோ என்று சந்தேகப்படலாம். ஆனால் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவருக்குக் காசை வாசிப்பது கண் அல்ல, விரல்.

விரல் ஏன் ஏமாந்தது? இதைத் தெரிந்துகொள்ள நான் எடுத்த முயற்சிதான் இந்தக் கட்டுரை.

விரல் ஏமாந்த கதை

எங்கள் அளவியல் ஆய்வகத்தில் வெர்னியர் காலிப்பர் இருக்கிறது. இரும்புத் துண்டையும் புஷ்ஷையும் அளந்து அளந்து அலுத்துப் போன கருவி. சாரிடம் அனுமதி கேட்டு அந்தக் காசை அளந்தேன். விட்டம் 23.5 மில்லிமீட்டர். நம்முடைய மஞ்சள் ஐந்து ரூபாயை அளந்தேன். 23 மில்லிமீட்டர். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்! காயெடுத்துக் காயெடுத்துக் காய்ச்சுப் போன விரலுக்கு அரை மில்லிமீட்டர் எப்படித் தெரியும்?

எடையில் வித்தியாசம் உண்டு. நம்முடையது 6 கிராம். இலங்கையின் அந்தக் காசு 7.7 கிராம், கொஞ்சம் தடிமன். இரண்டையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆனால் சில்லறை வாங்குகிற அவசரத்தில் யார் அப்படிப் பார்க்கிறார்கள்?

அளக்கத் தொடங்கியபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. வெளிநாட்டுக் காசு மட்டும் விரலை ஏமாற்றவில்லை, நம் காசே ஏமாற்றுகிறது! 1992 முதல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாயின் விட்டம் 25 மி.மீ., எடை 4.85 கிராம். 2011-இல் ரூபாய்க் குறியீட்டோடு வந்த இரண்டு ரூபாயின் விட்டமும் 25 மி.மீ., எடையும் 4.85 கிராம். அதே போல பழைய ஐம்பது பைசாவின் விட்டம் 22 மி.மீ., எடை 3.79 கிராம். 2011-இல் வந்த ஒரு ரூபாயும் அதே 22 மி.மீ. கிட்டத்தட்ட, அதே 3.79 கிராம். அதாவது ஒவ்வொரு காசும் தன் கீழே இருந்த காசின் சட்டையைப் போட்டுக்கொண்டது.

2019 மார்ச் 7 அன்று புது வரிசை வெளியிடப்பட்டது. பார்வையற்றோர் எளிதாகக் கண்டுகொள்ளும்படி, மதிப்பு கூடக் கூட அளவும் எடையும் கூடுவதாக வடிவமைத்தார்கள். 1 ரூபாய் 20 மி.மீ., 2 ரூபாய் 23 மி.மீ., 5 ரூபாய் 25 மி.மீ., 10 ரூபாய் 27 மி.மீ. இருபது ரூபாயும் 27 மி.மீ.தான், ஆனால் பன்னிரண்டு பக்கம். தனியாகப் பார்த்தால் மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய காசுகளும் கூடவே ஓடுகின்றனவே! அதனால் இன்று 25 மி.மீ. விட்டத்தில் ஒரு ரூபாயும் உண்டு, இரண்டு ரூபாயும் உண்டு, ஐந்து ரூபாயும் உண்டு. படித்தவன் எண்ணைப் பார்த்துத் தப்பித்துக்கொள்வான். விரலை நம்பியவர் என்ன செய்வார்?

டப்பாவுக்குள் உலகம்

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போட அல்ல. "அண்ணாச்சி, இது கள்ளக்காசு இல்ல. இலங்கைக் காசு. தெரியாம வந்துருச்சு. இங்க பாருங்க" என்று எழுத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு "இ...லங்...கை" என்று படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து முன்னால் கவிழ்த்தார். "இம்புட்டும் என் தலையில கட்டுனதுதான் தம்பி. இது என்னா ஏதுன்னு நீயே பாத்துச் சொல்லு."

மொத்தம் 23 காசுகள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் பார்த்தேன். எப்படிப் பார்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டு உண்டியலிலும் செய்து பார்க்கலாம்.

முதல் படி: சிங்கத்தைப் பார்

குடியரசு இந்தியாவின் காசு என்றால் ஒரு பக்கத்தில் அசோகச் சக்கரவர்த்தியின் சிங்கத் தூண் இருக்கும். நான்கு சிங்கங்களில் மூன்று நம் கண்ணுக்குத் தெரியும். அது இல்லையென்றால் நம் காசு இல்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: இலங்கைச் சின்னத்திலும் சிங்கம் உண்டு! ஆனால் அது ஒற்றைச் சிங்கம், கையில் வாள் பிடித்திருக்கும், சுற்றிலும் தாமரை இதழ். சிங்கப்பூர்ச் சின்னத்தில் கேடயத்தின் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் புலி. எனவே "சிங்கம் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எத்தனை சிங்கம், என்ன செய்யுது?" என்று கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: காந்தம்

உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு காந்தம் போதும். நம் ஸ்டீல் காசுகள் ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பு 83 சதவீதம், குரோமியம் 17 சதவீதம். இது காந்தத்தில் ஒட்டும். ஆனால் மஞ்சள் ஐந்து ரூபாய் நிக்கல் பித்தளை. செம்பு 75, துத்தநாகம் 20, நிக்கல் 5 சதவீதம். இது ஒட்டாது. இலங்கையின் 2013 ஐந்து ரூபாயோ உள்ளே இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு. காந்தத்தைக் காட்டியதும் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. மஞ்சள் ஐந்து ரூபாய் காந்தத்தில் ஒட்டினால் சந்தேகப்படுங்கள்!

ஆனால் 2007, 2008-இல் வெள்ளை ஸ்டீலில் வந்த நம் ஐந்து ரூபாய் ஒட்டும். அதற்கு முந்தைய தடித்த ஐந்து ரூபாய் செம்பு-நிக்கல் கலவை, ஒட்டாது. எனவே காந்தம் ஒரு சாட்சிதான், தீர்ப்பு அல்ல. மெட்டீரியல்ஸ் பாடத்தில் மார்க்குக்காகப் படித்த கலவை இப்படிக் கையில் வந்து பேசும் என்று நான் நினைக்கவே இல்லை.

மூன்றாம் படி: எழுத்து

எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. எந்த எழுத்து என்று அடையாளம் தெரிந்தால் போதும். உருண்டை உருண்டையாக இருந்தால் சிங்களம், பக்கத்திலேயே தமிழும் இருக்கும். வலமிருந்து இடமாக ஓடும் கொடியெழுத்து அரபி. தேவநாகரி இருந்து, சிங்கத் தூண் இல்லையென்றால் நேபாளமாக இருக்கலாம்.

நான்கு மொழிகளில் ஒரே பெயர் இருந்தால் அது சிங்கப்பூர். 1985-இல் வந்த இரண்டாம் வரிசை முதல் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் நாட்டின் பெயர் இருக்கிறது. டப்பாவிலிருந்த 20 சென்ட் காசில் சின்னஞ்சிறிதாகச் "சிங்கப்பூர்" என்று கண்டபோது, கடல் கடந்து போன உறவினரைத் தெருவில் பார்த்தது போல இருந்தது. அதன் விட்டம் 21.36 மி.மீ. நம் 2011 ஒரு ரூபாய்க்கும் அதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஒரு ரூபாய் என்று யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது செம்பு-நிக்கல், காந்தத்தில் ஒட்டவில்லை. நம் ஒரு ரூபாய் ஒட்டும். அங்கேயே குட்டு வெளிப்பட்டது.

நான்காம் படி: ஆண்டு

இதுதான் மிகவும் சுவாரஸ்யம். டப்பாவில் ஒரு காசில் தேவநாகரி எண்ணில் 2066 என்று இருந்தது. "இனிமேத்தான் வரப்போற காசா?" என்று என் தங்கை சிரித்தாள். நேபாளம் விக்ரம ஆண்டைப் பின்பற்றுகிறது. நம் சித்திரை மாதத்தை ஒட்டி அவர்களுக்குப் புத்தாண்டு. 57-ஐக் கழித்தால் நம் கணக்கு வந்துவிடும். 2066 என்றால் 2009. தாய்லாந்துக் காசில் புத்த ஆண்டு இருக்கும். அதில் 543-ஐக் கழிக்க வேண்டும்.

அரபு நாட்டுக் காசில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். சந்திரனை வைத்துக் கணக்கிடுவதால் ஆண்டுக்குச் சுமார் 354 நாள்தான். நம் ஆண்டைவிட ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று குறைவு. எனவே வெறும் கழித்தல் கூட்டல் போதாது. ஹிஜ்ரி ஆண்டில் நூற்றுக்கு மூன்று கழித்து, 622-ஐக் கூட்ட வேண்டும். டப்பாவிலிருந்த காசில் 1428. மூன்று சதவீதம் என்றால் சுமார் 43. கழித்தால் 1385. 622-ஐக் கூட்டினால் 2007. அதே காசில் 2007 என்றும் பொறித்திருந்தது. கணக்கு சரி!

அரபி எண்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. சுழியம் ஒரு புள்ளி. நம் பூஜ்யம் போல் வட்டமாக இருப்பது ஐந்து. நம் ஏழு போலத் தெரிவது ஆறு. ஆங்கில 'வி' எழுத்துப் போல் இருப்பது ஏழு, அதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எட்டு. ஒன்றும் ஒன்பதும் நம்முடையது போலவே. எண்ணை மட்டும் இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: படம்

அந்த 1428 காசின் மறுபக்கத்தில் நீண்ட மூக்குடைய ஒரு கூஜா. ஐக்கிய அரபு அமீரகத்தின் ஒரு திர்ஹாம். அந்தக் கூஜாவின் பெயர் 'தல்லா'. அரபு நாட்டுக் காப்பி ஊற்றும் பாத்திரம். அந்தக் காப்பியில் என்ன போடுகிறார்கள் தெரியுமா? ஏலக்காய்!

நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் என் அம்மாவைப் போன்றவர்கள் குனிந்து எடுக்கும் காய், ஸ்டோரில் காய்ந்து, போடி ஏல மையத்தில் ஏலம் போய், கப்பலேறி அரபு நாட்டுக்குப் போகிறது. அங்கே அதைக் காய்ச்சும் கூஜாவின் படம் பொறித்த காசு, யார் யார் கையோ மாறி, போடியில் ஒரு மளிகைக் கடை டப்பாவில் வந்து கிடக்கிறது. அரபியில் ஏலக்காய்க்குப் பெயர் 'ஹேல்'. நம் 'ஏலம்' என்ற சொல்லோடு ஒட்டி நிற்பது போலக் காதில் விழுகிறது அல்லவா?

இன்னொரு செய்தி. ஒரு காலத்தில் வளைகுடாவில் நம் ரூபாயே ஓடியது! 1959-இல் நம் ரிசர்வ் வங்கி அந்த நாடுகளுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்ட பிறகு அவர்கள் நம் பணத்தைக் கைவிட்டார்கள். திர்ஹாம் வந்தது 1973-இல். இன்று ஒரு திர்ஹாம் நம் 20 ரூபாய்க்கும் மேல். அதன் விட்டம் 24 மி.மீ. பழைய ஒரு ரூபாய் என்று நினைத்து எவரோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாவம், நஷ்டம் அவருக்கு! இலங்கையின் ஐந்து ரூபாயோ நேர் எதிர். 2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் மூன்று ரூபாய்க்கு மேல் தர வேண்டும். அம்மாவுக்கு வந்த ஐந்து, கணக்கில் இரண்டு ரூபாய்கூடப் பெறாது.

எப்படி வருகின்றன இவை?

போடி சின்ன ஊர்தான். ஆனால் வழியில் இருக்கிற ஊர். மூணாறு போகும் வெளிநாட்டுப் பயணிகள் இந்தப் பாதையில் போகிறார்கள். சபரிமலை சீசனில் இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்தெல்லாம் ஐயப்ப பக்தர்கள் தேனி, கம்பம் வழியாகக் குமுளி போகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் லீவில் வருகிறார்கள். மலைத் தோட்டங்களில் வடமாநிலத்தவரும் நேபாளத்தவரும் வேலை செய்கிறார்கள். 1964-இல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான தமிழர்கள் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். உறவுகள் இன்னும் இரு கரையிலும் இருக்கின்றன. கோயில் உண்டியல் எண்ணும்போது வெளிநாட்டுப் பணம் வந்ததாகப் பேப்பரில் படிக்கிறோமே, அதுவும் இப்படித்தான்.

இது புதிதும் அல்ல. கரூரிலும் மதுரைப் பக்கமும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. மிளகுக்கும் மணிக்கும் கொடுத்த விலை அது. சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு என்ற பெயர் வருகிறது. நம் போடிநாயக்கனூரிலேயே வெள்ளி முத்திரைக் காசுப் புதையல் ஒன்று கிடைத்திருக்கிறது. அக்காசுகளில் பாண்டியரின் மீன் சின்னம். "பெருவழுதி" என்று தமிழ் பிராமி எழுத்து பொறித்த பாண்டியர் காசை உலகுக்குக் காட்டியவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அதாவது இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்தப் பக்கத்துக் காசில் தமிழ் இருந்தது!

வெளிநாட்டில் பிறந்த நம் காசு

வேறொரு வேடிக்கையும் உண்டு. நம் காசுகளில் ஆண்டுக்குக் கீழே ஒரு சிறு குறி இருக்கும். டைமண்ட் வடிவம் என்றால் மும்பை அக்கசாலை, நட்சத்திரம் என்றால் ஐதராபாத், வெறும் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஆனால் நம் நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு வந்த காலங்களில் வெளிநாடுகளிலும் அடித்து வாங்கினார்கள். 1985 ஒரு ரூபாயில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தது. 1988 இருபத்தைந்து பைசாவில் 'சி' இருந்தால் கனடாவின் ஒட்டாவா. 1990-களின் கடைசியில் வந்த ஒரு ரூபாயில் 'எம்', 'கே' என்று இரண்டு எழுத்து இருந்தால் ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா. பிறந்தது அங்கே என்றாலும் அந்த ஒரு ரூபாய்கள் நம் காசுதான், செல்லும். வித்தியாசமான குறி இருக்கிறது என்று வாங்க மறுக்கக் கூடாது.

செல்லுவதைச் செல்லாது என்றால்?

இனி டப்பாவின் கணக்குக்கு வருகிறேன். 23 காசில் வெளிநாட்டுக் காசு எட்டு. இலங்கை மூன்று, அமீரகம் இரண்டு, சிங்கப்பூர், மலேசியா, நேபாளம் தலா ஒன்று. மற்ற பதினைந்தும் இந்தியக் காசு! அதில் எட்டு, பத்துப் பைசா, இருபது பைசா, இருபத்தைந்து பைசா. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ் உள்ளவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. எனவே அந்த எட்டும் நிஜமாகவே செல்லாக்காசு.

மிச்சம் ஏழு? நான்கு ஐம்பது பைசா, மூன்று பத்து ரூபாய். நண்பர்களே, இந்த ஏழும் செல்லும்! ஐம்பது பைசா இன்றும் சட்டப்படி செல்லும் பணம். பத்து ரூபாய்க் காசைப் பற்றித்தான் நம் பக்கம் பெரிய வதந்தி. மேலே பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளது, ரூபாய்க் குறியீடு இல்லையென்றால் செல்லாது என்றெல்லாம் சொல்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று அறிக்கை விட்டு, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. வெவ்வேறு சமயத்தில் வெவ்வேறு வடிவில் வெளியிட்டதால்தான் இந்த வேறுபாடு.

அம்மாவோடு ஜீப்பில் போனபோது ஒன்றைக் கவனித்தேன். போடிமெட்டுக்கு மேலே டீக்கடையில் பத்து ரூபாய்க் காசை வாங்குகிறார்கள், கொடுக்கிறார்கள். அதே காசு மலையிறங்கிப் போடிக்கு வந்ததும் "நோட்டாக் குடு" என்கிறார்கள். ஒரே நாட்டுக் காசு, மலை மேலே செல்லும், மலையடிவாரத்தில் செல்லாது! சட்டம் மாறவில்லை. நம்பிக்கைதான் மாறுகிறது. மேலே சம்பளத்தில் பத்து ரூபாய்க் காசாக வாங்கிய பெண், கீழே வந்து அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

இன்று நம்மில் பலர் சில்லறையையே தொடுவதில்லை. செல்போனைக் காட்டிப் பணம் கட்டிவிடுகிறோம். காசை எண்ணிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நம் அம்மா, பாட்டி, கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான். எனவே காசில் நடக்கும் ஒவ்வொரு தவறும் அவர்கள் தலையில்தான் விடிகிறது. காசும் போய், "தள்ளுறியா" என்ற பேச்சும் வாங்க வேண்டியிருக்கிறது. இதனால்தான் இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் இல்லை என்கிறேன்.

வெளிநாட்டுக் காசு கிடைத்தால் என்ன செய்வது?

பயப்பட வேண்டாம். வைத்திருப்பது குற்றமில்லை. அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாட்டு நோட்டுக்குத்தான் வரம்பு உண்டு. வெளிநாட்டு நாணயத்தை யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஆனால் பணம் மாற்றும் இடங்களில் பொதுவாக நோட்டைத்தான் வாங்குவார்கள், காசை வாங்கமாட்டார்கள். எனவே அந்த நாட்டுக்குப் போகிறவரிடம் கொடுக்கலாம், அல்லது சேகரித்து வைக்கலாம். பாலீஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், காசின் மேற்பரப்பு கெட்டுவிடும். வெறும் தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். முக்கியமாக, வெளிநாட்டுக் காசு என்று தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். தெரியாமல் கொடுத்தால் தவறு, தெரிந்து கொடுத்தால் ஏமாற்று.

முடிவாக

டப்பாவைத் திருப்பிக் கொண்டுபோனேன். மூன்று பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்தேன்: 'செல்லும்', 'செல்லாது', 'வெளிநாடு'. செல்லும் பொட்டலத்தில் 32 ரூபாய். "அண்ணாச்சி, இது நல்ல பணம். நீங்களே செல்லாதுன்னு போட்டு வச்சிருந்தீங்க" என்றேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு, "அம்மாவக் கடைக்கு வரச்சொல்லு தம்பி. அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். இப்போது அவர் கடையில் பத்து ரூபாய்க் காசு வாங்குகிறார்கள். சந்தேகக் காசு வந்தால் தனியாக எடுத்து வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். யாரையும் நாலு பேர் முன்னால் கேட்பதில்லை.

அம்மாவுக்கு நான் எல்லாப் படியையும் சொல்லவில்லை. இரண்டே இரண்டு சொன்னேன். ஒன்று, சிங்கத்தை எண்ணு. இரண்டு, எண்ணைப் பார். 1, 2, 5, 10, 20 என்று ஐந்து எண்களையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். இப்போது ஜீப்பில் கூட வருகிறவர்களுக்கு அவர்தான் காசு பார்த்துச் சொல்கிறாராம்.

அந்த இலங்கை ஐந்து ரூபாய் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கடைக்காரர் அந்தத் திர்ஹாமில் ஒன்றையும் அம்மாவுக்குக் கொடுத்தார். கூஜாவின் கதையைச் சொன்னேன். கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "நம்ம எடுத்த காயாத்தான் இருக்குமோடா?"

இருக்கலாம் அம்மா என்றேன்.

நண்பர்களே, இன்று இரவே உங்கள் வீட்டு உண்டியலைக் கவிழ்த்துப் பாருங்கள். கூடவே வீட்டில் எழுத்து தெரியாத பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நாம் படித்த படிப்பு முதலில் செல்ல வேண்டிய இடம் அதுதான்.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு